பாட்டி தைத்த கௌதி: இற்றுப்போன இடங்களை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்துவரும் ஒரு கைத்தையல் போர்வையைப் பற்றி ஆலோசனை கேட்க இதை எழுதுகிறேன். என் தாத்தா வட கர்நாடகத்திலுள்ள ஹூப்ளி ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1951இல் தென்னக ரயில்வேயில் சேர்ந்த பிறகும் அவர் அங்கேயே பணியைத் தொடர்ந்ததால், பாட்டி தன் இளமைக்காலம் முழுவதையும் அந்த ஊரில்தான் கழித்தார். அடுத்த வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த, ஹளியாள் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் அவர் இந்தத் தையலைக் கற்றுக்கொண்டாராம். என் அம்மா பிறந்த 1957ஆம் ஆண்டில், பழைய சேலைகளையும் தாத்தாவின் வேட்டிகளையும் அடுக்கி இதைத் தைத்திருக்கிறார். அந்த ஊர் வழக்கப்படி கடைசி வரை அவர் இதைக் 'கௌதி' என்றே சொல்லிவந்தார். அம்மாவும், பின்னர் நாங்கள் மூவரும், இதன் மேல்தான் கிடத்தப்பட்டோம்.

பாட்டி மறைந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பாச்சை உருண்டை வாடையும் மக்கிய வாடையும் கலந்து வீசக் கௌதி வெளியே வந்தது. ஆறடி நீளமும் நாலரை அடி அகலமும் இருக்கும். நான்கைந்து அடுக்குத் துணி என்பதால் கையில் தூக்கினால் கனக்கிறது. மேற்பக்கத்தில் சுங்குடிச் சேலைத் துண்டுகளும், இல்கல் சேலையின் சிவப்புத் தலைப்பும், வேறு பல ஒட்டுகளும் இருக்கின்றன. இரண்டு இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி நைந்து உள் அடுக்கு தெரிகிறது. ஒரு பக்க ஓரம் முழுவதும் பிசிறாகிவிட்டது. எனக்குப் புரியாதது ஒன்றுண்டு: அடர்பழுப்பும் கறுப்புமான ஒட்டுகள் மட்டும் விரல் பட்டாலே பொடியாக உதிர்கின்றன, அவற்றை ஒட்டியுள்ள வெளிர்நிறத் துணிகளோ இன்னும் உறுதியாகவே இருக்கின்றன. ஓர் ஊக்கு துருப்பிடித்துப் பதிந்த கறையும், குழந்தைகள் நனைத்த மஞ்சள் கறைகளும் உள்ளன. இவை தவிர, மூன்று மூலைகளில் சிறு முக்கோணமாக மடித்த துணித் துண்டுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நான்காம் மூலையில் அது இல்லை.

வரும் ஆகஸ்ட் மாதம் என் தங்கைக்குப் பிரசவம். அந்தக் குழந்தையையும் இதில் கிடத்த வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தெருமுனைத் தையல்காரர், மேலே புதுத்துணி ஒன்றைப் போட்டு முழுவதையும் மிஷினில் கட்டம் கட்டமாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார். பிசிறான ஓரத்தையும் மூலைத் துண்டுகளையும் கத்தரித்துவிட்டுச் சுற்றிலும் பட்டி வைக்கலாம் என்பது சித்தியின் யோசனை. அண்ணனோ கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டலாம் என்கிறார். ஒன்றைச் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாதே என்ற அச்சத்தில் நான் எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன். இதைத் துவைக்கலாமா, எப்படித் தைக்கலாம், எப்படி வைத்திருக்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் சகோதரி. நான் முப்பது ஆண்டுகளாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: இதை மிஷினுக்குக் கொடுக்காதீர்கள். மிஷின் ஊசி ஒரே நேர்கோட்டில் நெருக்கமாகத் துளையிட்டுக்கொண்டே போகும். புதுத்துணி அதைத் தாங்கும். இற்றுப்போன துணியில் அந்தக் கோடு தபால்தலையின் ஓரத்தைப் போலாகி, பிறகு அந்த வழியாகவே கிழியும். போதாததற்கு இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல்தான். அது பழைய பருத்தியைக் காட்டிலும் வலுவானது என்பதால், இழுபடும்போதெல்லாம் நூல் அறாமல் துணிதான் அறுபடும். மேலே போடும் புதுத்துணி உங்கள் பாட்டியின் தையலை ஒரேயடியாக மறைத்துவிடும் என்பதையும் தையல்காரர் யோசித்திருக்க மாட்டார். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ் துணியை வைக்கச் சொல்லியும் யாரேனும் வருவார்கள். அந்தப் பசையைப் பின்னால் நீக்கவே முடியாது.

மறுமொழி 2

பழந்துணிப் பாதுகாப்புப் பணியில் பதினெட்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நீங்கள் எதையும் தொடாமல் வைத்ததுதான் இதுவரை இந்தப் போர்வைக்கு நடந்த மிக நல்ல காரியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடர்நிற ஒட்டுகள் ஏன் உதிர்கின்றன என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நம் நாட்டில் பழைய முறைப்படி கறுப்பும் அடர்பழுப்பும் ஏற்ற, துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, இரும்பும் வெல்லமும் புளிக்க வைத்த நீரை அதன் மேல் பூசுவார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கருமையைத் தருகின்றன. ஆனால் அதே இரும்பு, காற்றிலுள்ள ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் இழையை அரித்துவிடுகிறது. ஆலைத்துணியாக இருந்தால் இன்னொரு காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டில் மலிவாகக் கிடைத்த கந்தகக் கறுப்புச் சாயம், புழுக்கமான இடத்தில் நெடுநாள் கிடந்தால் சிறிது சிறிதாகக் கந்தக அமிலத்தை உண்டாக்கும். பருத்திக்கு அமிலம் ஆகாது. இரண்டில் எது காரணமாக இருந்தாலும் அந்த இழைகள் இழந்த வலுவை எந்தத் துவைப்பும் எந்த மருந்தும் மீட்டுத் தரப்போவதில்லை. ஆகவே அந்த ஒட்டுகளைப் 'பழுதுபார்க்க' முயலாமல், இருக்கும் நிலையிலேயே உதிராமல் பிடித்து வைப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது.

துவைப்பதைப் பற்றி என் கருத்து தெளிவானது: இந்தப் போர்வையைத் துவைக்க வேண்டாம். பருத்தி ஈரத்தில் வலுக்கூடும் இழைதான். ஆனால் இல்கல் சேலையின் தலைப்பு பட்டாகவோ செயற்கைப் பட்டாகவோ இருக்கும். செயற்கைப் பட்டு எனப்படும் ரேயான், நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஐந்து அடுக்குத் துணி குடித்த நீரின் கனத்தோடு நீங்கள் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், நைந்த இடங்களும் பழைய தையல்களும் அங்கேயே விட்டுக்கொடுத்துவிடும். சுங்குடியும் சிவப்புத் தலைப்பும் சாயம் இறங்கக்கூடியவை. ஒருமுறை பக்கத்துத் துணியில் ஏறிய சாயத்தை எடுப்பதற்கு வழியில்லை. டிரை கிளீனிங் கடையின் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றுவதும் இதற்கு ஈடான ஆபத்தே. உங்கள் மனம் அமைதி பெறச் சாயத்தைச் சோதித்துப் பாருங்கள்: வெள்ளைப் பஞ்சை நீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும், தையல் நூலின் மேலும் வைத்து, மேலே சிறு கனம் ஏற்றிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். இந்த ஈரத்துக்கே பஞ்சில் நிறம் தெரிந்தால், வாளி நீரில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துவைக்காமலே தூசியை எடுக்கலாம். எம்பிராய்டரி வளையத்தில் நைலான் வலைத்துணியை இறுக்கி மாட்டி, அதைப் போர்வையின் மேல் வைத்து, வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில் வைத்து, குழாய் துணியைத் தொடாதபடி மெதுவாக நகர்த்துங்கள். வலை இருப்பதால் உதிரும் இழைகள் குழாய்க்குள் போகாது. உதிரும் ஒட்டுகளை மட்டும் விட்டுவிடுங்கள். பின்பக்கத்தையும் இப்படியே செய்யலாம். வாடை போக, காற்று வறண்டிருக்கும் நாளில், நிழலில், ஒரு கட்டிலின் மேல் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பரப்பி வையுங்கள். கொடியில் போடவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம். பழைய துணியை மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள நல்ல பழக்கந்தான். ஆனால் வெளிச்சம் சாயத்துக்கும் இழைக்கும் செய்யும் கேடு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும், குறையாது. அருங்காட்சியகங்களில் இத்தகைய துணிகளை 50 லக்ஸ் அளவுக்கு மேற்படாத மங்கிய ஒளியில் வைப்பதும் அதனால்தான். கூடத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டும் யோசனையைக் கைவிடும்படி உங்கள் அண்ணனிடம் அன்போடு சொல்லுங்கள்.

கறைகளை விட்டுவிடுங்கள். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பவர்கள் உண்டு; அந்த அமிலம் கறையோடு இழையையும் கொண்டுபோகும். மஞ்சள் கறைகளை வெளுக்க பிளீச்சிங் எதுவும் கூடாது. அந்தக் கறைகள் உங்கள் அம்மாவும் நீங்களும் இட்டவை. அவற்றைக் குறையாக நான் எண்ணவில்லை.

இனித் தையல். கொள்கை ஒன்றே: பழையதில் எதையும் வெட்டக் கூடாது, பாட்டியின் தையலில் ஒன்றையும் பிரிக்கக் கூடாது, நீங்கள் போடும் ஒவ்வொரு தையலும் பின்னால் ஒருவர் பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நைந்த இடத்துக்கு, பலமுறை துவைத்து மெலிந்த மல் துணியையோ, கஞ்சி போகத் துவைத்த ரூபியா வாயில் பிளவுஸ் துணியையோ எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் பொருந்த வேண்டுமென்று தேயிலை நீரில் தோய்க்கும் வழக்கம் இருக்கிறது. தேயிலையிலும் துவர்ப்பும் அமிலமும் உண்டு என்பதால் அது வேண்டாம், ஏறக்குறைய ஒத்த நிறத்தில் கடையில் கிடைப்பதே போதும். அந்தத் துண்டை ஓட்டையைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, ஓட்டை வழியாகவே மேல் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் நுழைத்துச் சமப்படுத்துங்கள். பிசிறு இழைகளை அவை இருந்த போக்கிலேயே அதன் மேல் படுக்க வையுங்கள். பிறகு மெல்லிய பருத்தி நூலை ஒற்றை இழையாகக் கோத்து, நல்ல துணியில் தொடங்கி, நைந்த பகுதியைக் கடந்து, மறுபுற நல்ல துணி வரை நீளமாக ஒரு நூலைப் படுக்கவிட்டு, அந்த நீள நூலை அங்கங்கே குறுக்காகச் சிறு தையல்களால் பிடியுங்கள். இப்படி அரை விரல் இடைவெளியில் வரிவரியாகப் போனால், எந்தத் தையலும் இற்ற துணியைக் கொத்திப் பிடித்து இழுக்காது. நூலை இறுக்காதீர்கள், துணியின் மேல் நூல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே கோட்டில் அமையாமல் முன்னும் பின்னுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

உதிரும் ஒட்டுகளுக்கு, அதே நிறத்தில் பளபளப்பில்லாத மெல்லிய நைலான் வலையை ஒட்டின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக வெட்டி மேலே பரப்பி, ஒட்டைச் சுற்றியுள்ள உறுதியான துணியில் மட்டும் தையுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் வலை கண்ணுக்குத் தெரியாது. ஓரத்துக்குப் பட்டி வைக்கலாம், சித்தி சொன்னதில் அந்தப் பாதி சரியே. ஆனால் பிசிறைக் கத்தரிக்காமல், அதையும் உள்ளடக்கி இருபுறமும் மடிந்து வரும்படி மெல்லிய பருத்திப் பட்டியாக இருக்கட்டும். மூலைகளிலுள்ள முக்கோணங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியும் வரை கத்தரிக்கோலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மறுமொழி 3

தார்வாடில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். மூலை முக்கோணங்கள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஹளியாள், எல்லாப்பூர், முண்ட்கோடு வட்டாரங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். (உங்கள் சித்தியைச் சொல்லவில்லை அம்மா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் வாழும் சமூகத்தின் பெயர் அது.) அவர்களுடைய பெண்கள் பழந்துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். அதன் நான்கு மூலைகளிலும் மடித்த துணியை முக்கோணமாக வைத்துத் தைப்பார்கள்; அதைப் 'பூலா' என்பார்கள், பூ என்று பொருள். அது இல்லாமல் போர்வை முழுமை பெறாது என்பது அவர்கள் எண்ணம். உங்கள் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்த ஹளியாள் பெண் யார் என்று உங்களால் இனி அறிய இயலாமல் போகலாம். ஆனால் அவருடைய கைவழக்கம் உங்கள் வீட்டுப் போர்வையின் மூன்று மூலைகளில் இன்னும் நிற்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள வழி உண்டு. போர்வையைத் திருப்பிப் பின்பக்கத்து ஓட்டுத் தையலைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். சித்திப் பெண்கள் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே சுற்றி வந்து, ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே உள்நோக்கி நகர்ந்து, நடுவில் வந்து முடிப்பார்கள். தையல் வரிகள் சதுரத்துக்குள் சதுரமாக நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டு போனால் அது அந்த முறையே. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடும் வரிகளாக இருந்தால், வட கர்நாடக வீடுகளில் பரவலாகத் தைக்கும் கௌதியின் உடலுக்குப் பூலாவை மட்டும் பாட்டி எடுத்துக்கொண்டார் என்று பொருள். நான்காம் மூலையில் அது இருந்த இடத்தில் ஊசித் துளைகளோ நூல் முடிச்சோ தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி 4

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். துணியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். குழந்தையைப் பற்றி நான் சொல்கிறேன். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன், மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலில் சேர்ந்து சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இது கடுமையான இரத்தச் சோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பரிசோதனை செய்யாதவரை வீட்டாருக்குத் தெரியாது. வாடை குறைந்துவிட்டது என்பதால் துணியில் அது இல்லை என்று ஆகாது. இன்னொன்று: பிசிறு நூல்கள் குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்ததை நானே கண்டிருக்கிறேன். மெத்தென்ற தடித்த விரிப்பும் உறங்கும் குழந்தைக்கு மூச்சுத் தடையாகலாம். அம்மாவின் ஆசை எனக்குப் புரிகிறது. பழைய பருத்திச் சேலைகளை நன்றாகத் துவைத்து, இரண்டே அடுக்காகப் புதிதாக ஒன்றைத் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர் மீண்டும் எழுதியது

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. பஞ்சு வைத்துப் பார்த்தேன். சிவப்புத் தலைப்பு பஞ்சை நன்றாகவே சிவக்க வைத்தது, சுங்குடியின் ஊதாவும் இலேசாக இறங்கியது. துவைக்கும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டோம். பிறகு நானும் அம்மாவும் கௌதியைத் திருப்பிப் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் தையலைத் தொடர்ந்தோம். வரிகள் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில்தான் முடிகின்றன. நான்காம் மூலையில் ஏழு துளைகளும், அறுந்த நீல நூலின் ஒரு முடிச்சும் இருக்கின்றன. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பாட்டி 'அக்கா' என்று அழைத்ததாகவும் பெயர் சொல்லிக் கேட்டதே இல்லை என்றும் சொன்னார். சித்தி கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

குழந்தைக்கு வேறொன்று தைப்பது என்று அம்மா ஒப்புக்கொண்டார். பாட்டியின் சேலைகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. நான்காம் மூலையில் புதிதாகப் பூலா வைக்கலாமா? பழுது பார்த்த பிறகு சென்னையின் புழுக்கத்தில் இதை எங்கே, எப்படி வைப்பது? பெட்டியின் அடியில் வெள்ளி நிறத்தில் ஓடும் பூச்சிகளையும் கண்டேன்.

மறுமொழி 2 எழுதியவர்

நான்காம் மூலையைக் காலியாகவே விடுவது என் விருப்பம். ஆனால் உங்கள் அம்மா தன் கையால் ஒன்றை வைக்க நினைத்தால், பழைய துளைகளைத் தொடாமல், உறுதியான உள் அடுக்கில் நான்கு தையல் மட்டும் போட்டு வைக்கட்டும். அது எந்த ஆண்டு, யார் வைத்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

நீங்கள் கண்ட பூச்சி இராமபாணம். அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும் தேடும்; இராமபாணமோ கஞ்சியையும் பருத்தியையும் காகிதத்தையும் தின்னும். அதனால் இதற்கோ, இதைச் சுற்றி வைக்கும் துணிக்கோ கஞ்சி கூடாது. அந்த டிரங்குப் பெட்டிக்குள் திரும்ப வைக்காதீர்கள். துருவும் ஈரமும் அங்கே தங்கும். இருப்பதில் நல்ல இடம், யாரும் படுக்காத ஒரு கட்டில்தான். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, அதன் மேல் கௌதியை மடிக்காமல் பரப்பி, மேலும் ஒரு வெள்ளைத் துணியால் மூடிவிடலாம். அதற்கு இடமில்லை என்றால் மூன்றாக மடியுங்கள். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பழைய வேட்டியைக் கை கனத்துக்கு உருட்டி வைத்தால் மடிப்பு கூர்மையாக விழாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். துணி உறையே நல்லது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் வளரத் தொடங்கும், சென்னையில் அது அன்றாடம் தாண்டும். ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்த்து, காற்றோட்டமான உட்புற அறையைத் தேர்ந்தெடுங்கள்.

பாச்சை உருண்டைக்குப் பதிலாக வசம்பு வைக்கலாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளின் அருகே வைப்பார்கள். நீங்களும் அப்படி முடிந்து வைக்கலாம். ஆனால் முடிச்சு கௌதியின் மேல் படாமல் ஓரமாக இருக்க வேண்டும், அவற்றின் எண்ணெய் துணியில் கறையாக இறங்கும். அதை மட்டுமே நம்பியிருக்காமல், மாதம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊசியைத் தொடும் முன்பே இரு பக்கமும் படம் எடுங்கள். அம்மாவுக்கு நினைவிருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த ஒட்டு யாருடைய சேலை, எது தாத்தாவின் வேட்டி என்று கேட்டு ஒரு தாளில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பருத்தி நாடாவில் 'ஹூப்ளி, 1957' என்று நூலால் எழுதி, பின்பக்கத்தின் உறுதியான ஓரத்தில் இரண்டு தையலில் பிடித்து வையுங்கள். ஹளியாளிலிருந்து வந்த அந்த அக்காவைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.